ஒதியமுனைக்குப் பெட்டி வரவில்லை

பத்தொன்பது நாளாகப் பெட்டி எதுவும் வராததால் ஒதியமுனையில் சனம் நிரம்பி வழிந்தது.

ஒதியமுனை கடலுக்குள் நாக்குப்போல நீண்டு கிடந்த மண். மூன்று மைல் நீளம் இருக்கும். அகலத்தில் ஒரு கரையிலிருந்து பார்த்தால் மறுகரையில் வலை காய்வது தெரியும். தரைக்குப் போக, தண்ணீருக்குக் குறுக்கே கல் போட்டு உயர்த்திய ஒரேயொரு பாதை, தாம்போதி. முன்பு நாற்பது குடும்பங்கள் மீன்பிடித்து வாழ்ந்த இடத்தில் இப்போது ஒன்பதாயிரம் பேர் தறப்பாள் கூடாரங்களுக்குள் இருந்தார்கள். ஒவ்வொரு காலையும் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் முதலில் தண்ணீர் எங்கே என்று கேட்பதில்லை. "இஞ்ச பெட்டி வரேல்லைத்தானே?" என்றுதான் கேட்பார்கள்.

பெட்டி என்றால் மருந்துப்பெட்டி. போர் தொடங்கிய காலத்தில் மருந்து எப்போதும் பிந்தித்தான் வந்தது. காயம் விழுந்து, செய்தி போய், அனுமதி கிடைத்து, கப்பலில் ஏற்றி முடிப்பதற்குள் காயப்பட்டவரைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருக்கும். பிறகு நிவாரண நிறுவனம் ஒரு கணிப்பு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை பேருக்கு, என்ன மாதிரியான காயம் என்று அது முன்கூட்டியே சொல்லும். அதன்படி நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து ஆளில்லாத சிறு விமானம் மருந்தைத் தூக்கிக்கொண்டு வரும். சனம் அதற்குத் தும்பி என்று பெயர் வைத்தது. முதல் வருடம் தும்பி இறங்கும்போது கும்பிட்டவர்கள் உண்டு. ஒதியமுனைத் தாதி கோசலாதேவியே ஒருமுறை, இரத்தம் ஓடாமல் கட்டும் இறுக்குப்பட்டிகள் முப்பத்திரண்டை வியாழக்கிழமை வாங்கி அடுக்கிவைத்து, சனிக்கிழமை முப்பத்தொன்றைப் பாவித்திருக்கிறாள். மிச்சமிருந்த அந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது என்பது சனத்துக்கு விளங்க அதிக காலம் எடுக்கவில்லை. பெட்டி பிரிக்கும்போது எட்டிப் பார்த்தார்கள். பட்டி வந்தால் ஷெல். சவ்வுத்துணி வந்தால் நெருப்பு. கட்டுத்துணி சிறிய அளவில் வந்தால் தாய்மார் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெட்டியைப் பூட்டிய அறைக்குள் வைத்துப் பிரிக்கத் தொடங்கியபிறகு, தூக்குகிறவர்களின் கால் மண்ணில் எவ்வளவு பதிகிறது என்று பார்த்தார்கள். அதில் பெயர்போனவர் அருளப்பு. முன்பு கரையில் மீனை ஏலம் கூறி விற்றவர். கூடையைத் தொடாமலே நிறை சொல்லுவார். இப்போது பெட்டி வாசித்தார்.

இப்படி ஊர் ஊராகப் பெட்டியிடமிருந்து ஓடிய சனம்தான் பெட்டியே வராத ஒதியமுனையில் வந்து குவிந்தது.

கைவிடப்பட்ட ஐஸ் கொம்பனிதான் அங்கே வைத்தியசாலை. சுவர் இரண்டு முழத் தடிப்பு. டொக்டர் என்றிருந்தவர் சித்திரையோடு இல்லாமல் போனார். அதன்பிறகு கோசலாதான் எல்லாம். வயது நாற்பத்திநாலு. எல்லாருக்கும் மிஸ்ஸி. எழும்ப முடியாத நோயாளர் ஏழுபேர் இருந்தார்கள். உதவிக்குச் சவரிமுத்து இருந்தார். அற்றெண்டனாக வேலை பார்த்து, ஓய்வுபெற வேண்டிய வயதைப் போர் விழுங்கியதால் ஓய்வு பெறாமல் போனவர்.

எட்டாவது ஆள் நிரஞ்சி. கோசலாவின் தங்கை. நோயாளி அல்ல, நிறைமாதம். புருஷன் கடலுக்குப் போய் வரவில்லை. அவள் இருந்த நாவலோடையில் கிழமைக்கு ஒரு பெட்டி விழுந்துகொண்டிருந்தபோது கோசலாதான் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாள்: இங்கே பெட்டி வருவதில்லை, வா. பன்னிரண்டு நாளைக்கு முன் வந்து சேர்ந்த நிரஞ்சி, மீன் வைக்கும் குளிரறையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள்.

"நெத்தலி கிடந்த இடத்தில என்னைக் கிடத்தியிருக்கிறாய்," என்றாள். "பிள்ளை பிறக்கேக்கையே மணக்கப்போகுது."

"மணந்தால் நல்லம். துலைஞ்சாலும் கண்டுபிடிக்கலாம்," என்றார் சவரிமுத்து.

அன்று காலை காயம் கட்டும் கோஸ்துணி முடிந்துவிட்டது. பழைய துணியை அவித்துக் காயவைத்திருந்தார்கள். பெட்டி வராத ஊரில் பெட்டியில் வரும் பொருளும் இல்லை என்பது சனத்துக்குத் தோன்றவில்லை. கோசலா செய்மதித் தொலைபேசியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். சோளகக் காற்று பிடித்துத் தள்ளியது. தண்ணீர்த் தொட்டியின் மறைவில் குந்தியிருந்து கப்பலைக் கூப்பிட்டாள். வாசவன் எடுத்தான். முகம் தெரியாதவன். குரலை மட்டும் இரண்டு வருடமாகத் தெரியும்.

"தம்பி, ஒதியமுனை மிஸ்ஸி கதைக்கிறன். பத்தொன்பது நாளாச்சு. கோஸ் இல்லை, சேலைன் ஆறு போத்தல்தான் கிடக்கு. எங்களை மறந்துபோனியளோ?"

"இல்லை மிஸ்ஸி."

"அப்ப?"

"உங்களுக்குத் தேவை எண்டு கணக்கில வரேல்லை."

"ஒன்பதாயிரம் சனம் இருக்குது. ஆணி குத்தினவன்கூட இல்லை எண்டோ உங்கட மெசின் சொல்லுது?"

காற்று மட்டும் இரைந்தது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மிஸ்ஸி, அது காயப்படுகிறவையைத்தான் எண்ணும்," என்றான் கடைசியில். "காயம் எண்டால், அடி விழுந்து ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகும் உயிரோட இருக்கிற ஆள். அவைக்குத்தான் மருந்து. உங்கட இடத்துக்குச் சைபர் காட்டுது."

"சைபர் நல்லதுதானே."

"சைபர் ரெண்டு விதம் மிஸ்ஸி."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது, கீழே யாரோ ஒரு பெண் பிள்ளையை ஏசுவதும் வாளி உருளுவதும் மிகத் தெளிவாகக் கேட்டன.

"செத்தவைக்கு மருந்து தேவையில்லை," என்று அவனே மெதுவாகச் சொன்னான்.

"எப்ப இருந்து தெரியும்?"

"முதல்ல அது நல்ல சைபராத்தான் இருந்தது. உங்கட பக்கம் அடிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. சனம் வர வரத்தான் மாறினது. ஒடுங்கின மண், ஒரு தாம்போதி. அதை முதல்ல உடைப்பினம். பிறகு வாற சாமான் காயப்படுத்துற வகையில்லை. போன செவ்வாயில இருந்து மற்றச் சைபர்."

"எத்தினை நாள் இருக்கு?"

"மூண்டு. கூடினால் நாலு."

"உதைச் சொல்லாமல் எப்பிடித் தம்பி இருந்தனீ?"

"எங்களுக்கு மருந்து அனுப்பத்தான் அனுமதி. எச்சரிச்சால் ரெண்டு பக்கமும் வானத்தை மூடிப்போடும். பிறகு ஒரு ஊருக்கும் பெட்டி போகாது." கொஞ்சம் நிறுத்தினான். "நான் இப்ப உங்களோட கதைக்கவே இல்லை மிஸ்ஸி."

அதற்குப் பிறகும் அவன் தொடர்பைத் துண்டிக்கவில்லை. அவளும் துண்டிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தாம்போதியால் வந்தவர்களில் எந்த ஆள் அந்தக் கணக்கை மாற்றிய ஆள் என்று கோசலா யோசித்தாள். பிறகு, அது செவ்வாய்க்கிழமை வந்தவர் மட்டும் அல்ல, பன்னிரண்டு நாளைக்கு முன் வந்தவளும்தான் என்று யோசித்தாள்.

சவரிமுத்துவை மட்டும் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"சனத்திட்டச் சொல்லுவம்," என்றாள்.

"ஆர் நம்புவினம்? முந்தநாள்தானே தண்ணி காணாது, இனி ஒருத்தரும் வரவேண்டாம் எண்டு மிஸ்ஸி சத்தம் போட்டனீங்கள். இப்ப போய்ப் பெட்டி வராததுதான் ஆபத்து எண்டால், எங்களைக் கலைக்கிறதுக்குக் கதை கட்டுறா எண்டுதான் சொல்லுவினம்." அவர் கடலைப் பார்த்தார். "உந்தச் சனம் பெட்டிக்கு மட்டும்தான் பயம்."

சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்தார். அவளும் அவரைப் பார்த்தாள். சாமான் அறையின் மூலையில் பழைய பெட்டிகள் ஏழோ எட்டோ அடுக்கிக் கிடந்தன.

பெரியதாக ஒன்றை எடுத்து, பின்பக்கக் கரையில் ஈரமண்ணை அள்ளி நிரப்பினார்கள். மூடியில் முத்திரை இருந்த இடத்தில் புது ஒட்டுநாடா ஒட்டினார்கள். கூலிக்கு நாலுபேரைக் கூப்பிட்டபோது நாலுபேராலும் அசைக்க முடியவில்லை. எட்டுப்பேர் வந்தார்கள். நல்ல வெயிலில், சந்தை கூடும் பாதையால், தறப்பாள் வரிசைகளுக்கு நடுவே அதைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள். தும்பி வந்த சத்தம் ஏன் கேட்கவில்லை என்று கேட்டவர்களுக்குச் சவரிமுத்து பதில் வைத்திருந்தார்: "இந்தச் சோளகத்தில உன்ர மனிசி கூப்பிட்டாலே உனக்குக் கேட்காது."

பேச்சு நின்றது. அடுப்பில் இருந்தவர்கள் எழுந்தார்கள். எட்டுப்பேரின் காலும் கணுக்கால்வரை புதைவதை எல்லாரும் பார்த்தார்கள். ஒவ்வொரு முகமாக அருளப்புவின் பக்கம் திரும்பியது.

அருளப்பு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தூக்குகிறவர்களை நிறுத்தச் சொன்னார். பெட்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். ஒரு மூலையில் குனிந்து, கீழ்விளிம்பை விரலால் தடவி, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கோசலாவின் அருகே வந்து, உதடு அசையாமல் பேசினார்.

"மிஸ்ஸி, அறுபது வருசம் இந்தக் கரையில நிண்டவன் நான். கடல்மண் எனக்கு மணக்காதெண்டு நினைச்சியளோ?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கூடையைப் பார்க்கிற பார்வை. இத்தனை வருடத்தில் தன்னை எவரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"எல்லாரும்," என்றாள்.

அருளப்பு தலையை ஆட்டினார். திரும்பி, மீன் கூறும் பழைய குரலை எடுத்தார். "எட்டாள் தூக்கிற பெட்டி. இப்பிடி ஒண்டை நான் இண்டைக்குத்தான் காணுறன். பெருசும் இருக்கு, சிறுசும் இருக்கு. நான் வெளிக்கிடுறன். இருக்கிறவை இருங்கோ."

அவ்வளவுதான் சொன்னார். மாலைக்குள் தாம்போதி சனத்தால் கறுத்தது. ஓரிடத்தில் குவியாமல், காட்டுப்பக்கம் சிதறிப் போகச்சொல்லி அருளப்பு தாம்போதி முகப்பில் நின்று ஒவ்வொரு கூட்டத்தையும் ஒவ்வொரு பாதைக்குப் பிரித்தார். மறுநாள் காலையிலும் அது ஓயவில்லை. வந்தபோது மூன்று கிழமை எடுத்த சனம், போக ஒரு நாள்தான் எடுத்தது.

மத்தியானம் கடைசி லான்ட்மாஸ்டர் உழவுயந்திரத்தை அருளப்பு ஐஸ் கொம்பனி வாசலுக்கு ஓட்டி வந்தார். ஏழு நோயாளரையும் அதன் பின்னால் பூட்டிய வண்டிக்குள் அடுக்கினார்கள். எட்டாவதாக நிரஞ்சியை ஏற்றக் கைபிடித்துத் தூக்கியபோது அவளுடைய பன்னீர்க்குடம் உடைந்து பாய் நனைந்தது.

கோசலா அவளை மறுபடி படுக்கவைத்துப் பார்த்தாள். தலை இன்னும் இறங்கவில்லை, நேரம் இருந்தது. ஆனால் மூன்று மைலும் குண்டும் குழியுமான பாதை, நிற்க இடமில்லாத வண்டி. "நீங்கள் போங்கோ," என்று அருளப்புவிடம் சொன்னாள். "இவையை இறக்கிப்போட்டுத் திரும்பி வாங்கோ. தனியப் படுக்கவைச்சுக் கொண்டுபோவம்."

"மூண்டு மணிக்குள்ள நிப்பன்," என்றார் அவர்.

மூன்று மணிக்கு அவர் வரவில்லை. நாலு மணிக்கும் வரவில்லை. தாம்போதிப் பக்கம் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்பதை நல்லதாக எடுப்பதா, கெட்டதாக எடுப்பதா என்று கோசலாவுக்குத் தெரியவில்லை. சனம் போன முனை அவளுக்குப் பழக்கமில்லாத இடமாகத் தெரிந்தது. தறப்பாள்கள் மட்டும் காற்றில் அடித்துக்கொண்டன. கப்பலைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. எவரும் எடுக்கவில்லை.

"அக்கா, எங்களை விட்டிட்டுப் போட்டினமோ?"

"நாங்கள்தான் அவையை அனுப்பிப்போட்டு நிக்கிறம். மூச்சை விடு. நீளமா."

நாலரை மணிபோலத் தும்பி வந்தது.

சவரிமுத்துதான் முதலில் கண்டார். கடலுக்கு மேலால் தாழப் பறந்து வந்து, வெறும் கரையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் போனது. கோசலாவுக்கு நெஞ்சு நிறைந்தது. இரண்டு வருடத்தில் முதன்முறையாக ஒரு பெட்டியைப் பார்த்துச் சந்தோசப்பட்டாள். ஒதியமுனைக்கு மருந்து தேவைப்படும் என்று அந்த இயந்திரம் இப்போது சொல்கிறது. மருந்து தேவைப்பட ஆள் உயிரோடு இருக்க வேண்டும். ஆக, சைபர் இல்லை.

"சின்னப் பெட்டி மிஸ்ஸி," என்று சவரிமுத்து அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். பல் தெரியச் சிரித்தார். "மூண்டு பேருக்கு உது தாராளமாக் காணும்."

சாமான் அறையில் வைத்துப் பிரித்தார்கள். இரண்டு இறுக்குப்பட்டி. முறிந்த காலுக்கு வைத்துக் கட்டும், பெரிய ஆளுக்கான கால்மட்டை ஒன்று. கோஸ்துணி. சேலைன் நாலு. சவரிமுத்து கால்மட்டையைத் தன் காலோடு வைத்து அளந்து பார்த்தார். "என்ர அளவுதான். பரவாயில்லை, ஒண்டு போனாலும் மற்றது இருக்கும்." மெல்லிய கம்பளிச் சதுரம் ஒன்று, கைப்பிள்ளை சுற்றுவது. அதைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. கம்பளிக்கு அடியில் இரண்டு தகரப்பேணியும் ஒரு சின்னக் கோப்பையும் இருந்தன.

பேணியில் பால்மா.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். இத்தனை பெட்டிகளில் பால்மா வந்ததே இல்லை. வரவும் கூடாது. தாய்ப்பால் இருக்கிற பிள்ளைக்குப் பேணிப்பால் அனுப்புவதில்லை என்பது நிறுவனத்தின் இறுக்கமான விதி. அழுக்குத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். பால் கொடுக்கத் தாய் இல்லாத பிள்ளைக்கு மட்டும்தான் அது வரும்.

பெட்டியை மறுபடி கிளறினாள். பேறு முடிந்த பெண்ணுக்கு இரத்தம் நிற்கப் போடும் ஊசி இருக்கிறதா என்று அடித்தட்டு வரை தேடினாள். இல்லை. பெட்டியைக் கவிழ்த்தாள். இல்லை.

சவரிமுத்துவின் சிரிப்பு எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. இருவரும் அந்தப் பேணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குளிரறையிலிருந்து நிரஞ்சியின் முனகல் வந்து, அடங்கி, மறுபடி வந்தது.

கோசலா ஒரு பேணியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் கடற்கரைக்கு நடந்தாள். கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினாள். பெட்டியைக் கண்டு ஓடுகிற சனத்தை எத்தனையோ தரம் ஏசியிருக்கிறாள். மருந்து எப்படியடி ஆளைக் கொல்லும் என்று கேட்டிருக்கிறாள். இப்போது அவளுக்கு இருந்தது ஒரே எண்ணம்தான். இந்தப் பால் இல்லாவிட்டால் பிள்ளைக்குத் தாய் இருந்தே ஆகவேண்டும். பேணியைச் சரித்தாள். ஒரு பிடி மா காற்றில் பறந்து அவள் முகத்திலும் தலையிலும் படிந்தது. இனிப்பாக மணந்தது.

அந்த மணத்தில் அவள் கை நின்றது. இன்றிரவு ஒரு பிள்ளை பசித்து அழுதால் என்ன செய்வது என்று, அவளுக்குள் இருந்த மிஸ்ஸி கேட்டாள்.

மூடியை வைத்து உள்ளங்கையால் அடித்து இறுக்கினாள். திரும்பி வந்து இரண்டு பேணிகளையும் ரப்பர் விரிப்பில் சுற்றி, சேலைத் தலைப்பால் இடுப்போடு கட்டிக்கொண்டாள். பட்டிகளைச் சவரிமுத்துவின் தோளில் போட்டாள்.

"ஸ்ரெச்சரை எடுங்கோ."

"இந்த நிலைமையில அசைக்கலாமோ மிஸ்ஸி?" அவர் குரலைத் தாழ்த்தினார். "நாங்கள் இருந்தால் உது நடக்குமெண்டு அனுப்பினவையோ, வெளிக்கிட்டால் நடக்குமெண்டு அனுப்பினவையோ?"

அவள் அதை யோசித்தாள். யோசிக்க யோசிக்க இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிந்தன.

"நேற்று சைபர் எண்டது. சனம் அசைஞ்சது, மாறினது," என்றாள். "அசைவம்."

நிரஞ்சியை ஸ்ரெச்சருக்கு மாற்றியபோது அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "என்ன உது, முகமெல்லாம் பவுடர்? பெட்டியில என்ன வந்தது?"

"பஞ்சு."

"பஞ்சு மட்டுமோ?"

"சேலைனும். பிள்ளைக்கு ஒரு கம்பளியும்."

"அப்ப பிள்ளை பிறக்குமெண்டு சொல்லுறினம்," என்றாள் நிரஞ்சி. வலியின் நடுவில் அவள் சிரித்தாள். "வேற என்ன வேணும்."

கோசலா முன்பக்கம் பிடித்தாள், சவரிமுத்து பின்பக்கம். ஆளில்லாத தறப்பாள்களுக்கு நடுவே தாம்போதியை நோக்கி நடந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் பேணிகள் அவள் இடுப்பில் இடித்தன. நூறு அடிக்கு ஒருதரம் நின்று, வலி அடங்கியதும் மறுபடி தூக்கினார்கள்.

"எவ்வளவு தூரம் மிஸ்ஸி?" என்று பின்னாலிருந்து சவரிமுத்து கேட்டார்.

அவள் திரும்பவில்லை. காற்றின் இரைச்சலுக்குள் தும்பியின் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.

"பால் இல்லாத பெட்டி ஒண்டு வருமட்டும்."